‘எஸ்ட்’ என்றொரு வம்பு

சுவிட்சர்லாந்தில் சமயச் சீர்திருத்தம் சாஸ்திர விசாரணையில் ஆரம்பிக்கவில்லை, சாசேஜில் ஆரம்பித்தது. 1522, லெந்து நாட்கள், மாமிசம் கூடாது. சூரிச் நகரத்து அச்சகக்காரர் கிறிஸ்டோஃப் புரோஷவர் வீட்டில் இரண்டு சாசேஜைத் துண்டு போட்டு, இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார்கள். பிராங்க்பர்ட் சந்தைக்குள் புத்தகம் அச்சாக வேண்டும், கூழைக் குடித்துவிட்டு எவன் உழைப்பான் என்பது அவர் கட்சி. கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்துப் பிரசங்கி உல்ரிச் சுவிங்லியும் அங்கே இருந்தார். சாப்பிடவில்லை, பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், தின்றது பாவமில்லை என்று பிரசங்கம் வைத்தார். கை நனையாமல் புரட்சி செய்வது ஒரு கலை.

தட்டில் கை வைத்தாயிற்று, அடுத்தது பலிபீடம். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தை எடுத்துச் சொன்னது லத்தீனில் ‘ஹோக் எஸ்ட் கார்ப்புஸ் மேயும்’. இது என் உடல். அப்பம் பார்வைக்குத்தான் அப்பம், உண்மையில் உடலாகவே மாறிவிட்டது என்பது ரோமாபுரியின் உபதேசம். 1215 லாத்தரன் சங்கம் அதற்குப் பெயரும் வைத்து முத்திரையும் குத்திவிட்டது. அப்பம் அப்பமாகவே இருக்கிறது, உடலும் கூடவே இருக்கிறது என்றார் ஜெர்மனியின் லூத்தர். சுவிங்லிக்கு இரண்டும் சரிப்படவில்லை. ‘எஸ்ட்’ என்றால் இங்கே ‘ஆகும்’ அல்ல, ‘குறிக்கிறது’ என்றே பொருள் என்றார். நெதர்லாந்து வக்கீல் கொர்னேலிஸ் ஹூன் எழுதிய கடிதம் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது: மாப்பிள்ளை போடும் மோதிரம் மாப்பிள்ளை ஆகிவிடுமா என்பது அதன் சாரம்.

ஆதாரம் எங்கே என்று சூரிச் நகரசபையில் ஓர் எழுத்தர் மடக்கினார். சுவிங்லிக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. 1525 ஏப்ரல் 13 விடியற்காலையில் கனவு வந்தது. கனவில் ஒருவர் தோன்றி யாத்திராகமத்துப் பஸ்கா வசனத்தைச் சுட்டிக் காட்டினார்: ஆட்டுக்குட்டி பஸ்காவைக் குறிக்கத்தானே செய்கிறது! விழித்தெழுந்த சுவிங்லி விஷயத்தை அச்சிலும் ஏற்றிவிட்டார். வந்தவர் கறுப்பா வெள்ளையா, ஞாபகமில்லை என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். அந்த வரியைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். எதிரிகளுக்கு அல்வா கிடைத்தது. கறுப்புதான், சந்தேகமே வேண்டாம் என்றார்கள்.

அதே நாளில், பெரிய வியாழனன்று, சூரிச்சில் புதுப் பாணித் திருவிருந்து நடந்தது. தங்கக் கிண்ணம் போய் மரத் தட்டும் மரக் கோப்பையும் வந்தன. சாசேஜுக்கு வாய் திறந்த ஊர், தேவாலய ஆர்கனின் வாயை மூடிவிட்டிருந்தது.

1529 அக்டோபரில் ஹெஸ்ஸே பிரபு பிலிப் லூத்தர், சுவிங்லி இரு தரப்பையும் மார்புர்க் கோட்டைக்கு அழைத்து உட்காரவைத்தார். லூத்தர் மேஜைமேல் சாக்கட்டியால் ‘ஹோக் எஸ்ட் கார்ப்புஸ் மேயும்’ என்று எழுதிவிட்டே வாயைத் திறந்தார். இனி பேச என்ன இருக்கிறது? யோவான் ஆறாம் அதிகார வசனம் ஒன்று உங்கள் கழுத்தை முறிக்கும், டாக்டர் என்று சுவிங்லி உற்சாகத்தில் சொல்லிவிட்டார். இங்கே கழுத்தெல்லாம் அவ்வளவு லேசில் முறியாது, இது சுவிட்சர்லாந்து அல்ல, ஹெஸ்ஸே என்று லூத்தர் சீறினார். எங்கள் பக்கம் அது வெறும் பேச்சுவழக்கு என்று சுவிங்லி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. ‘குறிக்கிறது’ கட்சிக்காரருடைய சொல்லை ‘எஸ்ட்’ கட்சிக்காரர் அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பதினைந்து அம்சங்களில் பதினான்கில் ஒற்றுமை. பதினைந்தாவதில் இந்த ஒரே விவகாரம் இழுபறி. இங்கிலாந்து வியர்வை நோய் என்ற கொள்ளைநோய் அந்தப் பக்கம் வருவதாகத் தகவல் வந்ததும் அவரவர் மூட்டை கட்டினார்கள். சண்டையை முடித்துவைத்த பெருமை இங்கிலாந்துக் கிருமிக்கு.

உண்மையில் எதிரிகள் ஒன்றாகச் சாப்பிட்ட விருந்து அதே 1529 ஜூனில் காப்பெல் என்ற இடத்தில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க மாநிலங்களின் படையும் சூரிச் படையும் எதிரெதிரே. தலைவர்கள் பேச்சுவார்த்தையில் இருக்க, சிப்பாய்களுக்குப் பசி. அவர்களிடம் பால், இவர்களிடம் ரொட்டி. எல்லைக்கோட்டின்மேல் பெரிய சட்டியை வைத்து, ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டு, ஆளுக்கொரு கரண்டியோடு உட்கார்ந்தார்கள். பாலில் விழுந்த ரொட்டி என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு சூரிச் தரப்பு அந்த மாநிலங்களுக்குத் தானியமும் உப்பும் போகாமல் மறித்தது. அப்பத்தின் தத்துவத்துக்காக அப்பத்தையே நிறுத்திய சாதனை அது. பட்டினி கிடந்தவர்கள் 1531 அக்டோபர் 11 அன்று அதே காப்பெலில் திருப்பிக் கொடுத்தார்கள். சூரிச் பக்கம் சுமார் 500 பேர் செத்தார்கள், சுவிங்லியும் அதில் ஒருவர்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்த புல்லிங்கர் பொறுமைசாலி. ஜெனீவாவின் கால்வினோ வேறு ரகம். புளித்த மாவா புளிக்காத மாவா என்ற தகராறும் சேர்ந்து 1538-இல் ஊரைவிட்டே துரத்தப்பட்டவர். இந்த இருவரும் 1549-இல் சூரிச்சில் கூடி 26 அம்ச உடன்பாடு கண்டார்கள். ஒவ்வொரு அம்சத்தையும் இரண்டு ஊர்க்காரரும் தத்தம் விருப்பப்படி படித்துக்கொள்ள இடமிருந்தது.

வியர்வை நோய்க்குப் பதில்மொய்யும் போய்ச் சேர்ந்தது. ஜான் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் 1547 முதல் 1549 வரை சூரிச்சில் தங்கி, புல்லிங்கரிடம் பாடம் கேட்டு ஊர் திரும்பினார். பிஷப் ஆனார், 1555-இல் மேரி ராணி காலத்தில் எரிக்கப்பட்டார். நடுவே இங்கிலாந்து ஜெப புத்தகம் சூரிச் பக்கம் நன்றாகவே சாய்ந்துவிட்டது. 1549 பதிப்பில் அப்பம் கொடுக்கையில் குருவானவர் ஆண்டவரின் உடல் உன்னைக் காக்கட்டும் என்றார். 1552 பதிப்பில் அது போய், நினைவுகூர்ந்து இதை உண் என்றானது. மூன்றே வருஷத்தில் உடல் ‘இது’ ஆயிற்று.

1559-இல் எலிசபெத் ராணியின் ஆட்சியில் தையல் வேலை நடந்தது. இரண்டு வாக்கியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, கொடுக்கும்போது முழுசாகச் சொல்லும்படி அச்சடித்துவிட்டார்கள். மண்டியிட்டிருப்பவர் தமக்குப் பிடித்த பாதியைக் கேட்டுக்கொண்டு, மற்றப் பாதிக்கு இருமிக்கொள்ளலாம்.