ஃபான்ட் அண்ணன்

ஆய்வு மாணவர் விடுதி எதுவானாலும் அங்கே ஒரு ஃபான்ட் அண்ணன் இருப்பார். பிஎச்.டி.யில் எத்தனையாவது வருஷம் என்று அவரைக் கேட்பது மரியாதை இல்லை. லேடெக்கில் ஆய்வேடு எழுதுகிற அத்தனை பேரும் சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தின இரவு அவர் கதவைத்தான் தட்டியாக வேண்டும்.

அவருக்கு ஆளைப் பெயரால் தெரியாது, பிழையால்தான் தெரியும். "அந்த டி.எஃப்.எம். கிடைக்காத பொண்ணு பாஸாயிடுச்சா?" என்பார். 'லதா பையன்' என்று ஒருவன் உண்டு, தங்கமான பிள்ளை. விண்டோஸோடு வரும் 'லதா' எழுத்துருவை நம்பி எழுதிய ஆய்வேட்டை லினக்ஸ் கணினியில் ஓட்டிவிட்டான், அவ்வளவுதான். "அண்ணே, லதாவைக் காணோம்ணே" என்று நடுராத்திரியில் அவன் அலறியதை வார்டன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அண்ணனிடம் கதை சொல்லக் கூடாது. "லாக் ஃபைலைத் திற" என்பார். நாம் பதறிப்போய்க் கடைசி வரியைக் காட்டுவோம். "மேல போடா. முதல் பிழையைக் காட்டு. மத்ததெல்லாம் அது போட்ட குட்டி." ஒரே பத்தியில் 100 பிழை சேர்ந்தால் டெக் மென்பொருளே கையை விரித்து, மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிடும். அண்ணன் யாரையும் அப்படி அனுப்பியதில்லை.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபான்ட்ஸ்பெக்கைச் சேர்த்துவிட்டு பிடிஎஃப்லேடெக்கில் ஓட்டியவர்கள். ஸீடெக்கோ லுவாடெக்கோ வேண்டும் என்று பிழைச்செய்தியே பச்சையாகச் சொல்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? இந்த மாதிரி கேஸ் வந்தால் அண்ணன் முகம் வாடிவிடும். "இதுக்கா எழுப்பின?"

அவர் முகம் மலர வேண்டுமானால் பிழையே காட்டாத பிழையோடு போக வேண்டும். கம்பைல் ஆகிவிடும், பிடிஎஃப்பும் வரும், தமிழ் மட்டும் வராது. லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் 'க' கிடையாது என்று லாக்கில் எங்கோ ஒரு மூலையில் முனகியிருக்கும். இல்லையென்றால் எழுத்தெல்லாம் வந்திருக்கும். 'கெ'யின் கொம்பு மட்டும் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்போது அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரசித்து ரசித்து 'ஸ்கிரிப்ட்=தமிழ்' என்று தட்டுவார். ஆய்வேடு எதைப் பற்றி என்று இன்றுவரை ஒருவரையும் அவர் கேட்டதில்லை.

அவருடைய கைடுக்குத்தான் பொறுக்கவில்லை. "உன்னோட தீசிஸ் எங்கப்பா?"

"சார், டொனால்ட் கனூத் தன் புத்தகத்தோட அச்சு நல்லா இல்லைன்னு 1977-ல எழுதுறதையே நிறுத்திட்டு டெக்கை உருவாக்க உட்கார்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. யாராவது கேட்டாங்களா?"

"கேட்க மாட்டாங்கப்பா. அவர் 1963-லயே பிஎச்.டி. வாங்கிட்டார்."