பூனைக்குத் தடையில்லாச் சான்று

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மெல்பர்னுக்குக் குடிபெயர்கிறது. வேலை உறுதி, விசா கையில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. வீட்டுச் சாமான் யார் யாருக்கு என்பது அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. ஃபிரிட்ஜுக்கு மட்டும் மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். மிச்சம் நாலு உயிர்: ஒரு பூனை, இரண்டு கினிப் பன்றி, கூண்டில் ஒரு பச்சைக்கிளி. இதற்குச் சொந்தத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. "அண்ணன் ஹார்பர்ல கிளியரிங்ல இருந்தவரு, ரூல்ஸ் எல்லாம் தெரியும்" என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முப்பது வருடம் பில் ஆஃப் என்ட்ரி சுமந்தவன் நான். உரம், நிலக்கரி, கார், பொம்மை எல்லாம் பார்த்திருக்கிறேன். பூனையை ஏற்றுமதி செய்ததில்லை. ஆனாலும் ராயபுரத்துப் பெரிய மனுஷன் தெரியாது என்று சொல்லலாமா? நாலு நாள் விசாரித்து, படித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் போனேன்.

கிளியிலிருந்து ஆரம்பித்தார்கள். "இத்த ஃபிளைட்ல ஏத்த முடியுமாண்ணே?"

"ஏத்துறது இருக்கட்டும்மா. வச்சிருக்கிறதே குத்தம்."

உண்மைதான். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைக்க அனுமதிப்பதில்லை. இவர்கள் வீட்டில் பதினோரு வருடமாகக் கிளி இருக்கிறது. வாசலில் யார் தலை தெரிந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்கும். சட்டம் வந்திருந்தால் அதையும் உட்காரச் சொல்லியிருக்கும். சட்டம்தான் இந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

அடுத்து கினிப் பன்றிகள். செல்லமாக வளர்க்க என்று எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் ஆஸ்திரேலியா இவற்றை உள்ளே விடாது. வெள்ளெலிக்கும் அதே கதி. முயல் என்றால் நியூசிலாந்திலிருந்து மட்டும்தான் வரலாம். நாட்டுக்குள் அந்நிய உயிர் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற துரை இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, சுட்டு விளையாடுவதற்காக விக்டோரியாவில் அவிழ்த்துவிட்டார். இருபத்துச் சொச்சம் முயல்கள் கோடிக்கணக்கில் பெருகி நாட்டையே மேய்ந்தன. துரை எந்த அலுவலகத்திலும் டோக்கன் வாங்கி நிற்கவில்லை. துப்பாக்கியோடு குடியேறியவனுக்கு ஒரு சட்டம், சம்பளத்துக்குக் குடியேறுகிறவனுக்கு ஒரு சட்டம்.

ஆனால் ஒன்று, சட்டம் போட்டபின் அவர்கள் ஆள் பார்ப்பதில்லை. 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்கள் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கின. நாட்டை விட்டுப் போகட்டும், இல்லையென்றால் கொன்றுவிடுவோம் என்றார் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ். நாய்கள் போயின. மறு வருடம் நடிகரும் மனைவியும் வீடியோவில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி பூனை. இந்தியாவிலிருந்து பூனையோ நாயோ ஆஸ்திரேலியாவுக்கு நேராகப் போக முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் குடியிருந்து அங்கிருந்து போகலாம். போனாலும் மெல்பர்ன் பக்கத்தில் மிக்கிள்ஹாம் என்ற இடத்தில் அரசாங்கக் கூண்டில் தனிமையில் இருந்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நம் பிள்ளைகள் சிங்கப்பூரில் பிஆர் வாங்கி ஆஸ்திரேலியா தாவுகிறார்களே, அதே வழிதான் பூனைக்கும்.

"லண்டனா இருந்தா ஈஸியாண்ணே?"

மைக்ரோசிப் வைத்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, முப்பது நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எதிர்ப்புச் சக்தி 0.5-க்குக் குறையவில்லை என்று எழுதித்தர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில் பள்ளிக்கரணையில் இருக்கும் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் பூனையைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். எப்படி ஓடினாலும் நாலு மாதத்துக்குமேல் ஆகும். ஐரோப்பாவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இந்த விதிகள்மேல் எனக்குக் கோபமில்லை. வெறிநோயில் உலகத்தில் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிநாட்டுக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குப் பயப்படுவதில்லை என்பதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

2020 பிப்ரவரி. சீனாவிலிருந்து பொம்மை ஏற்றிவந்த கன்டெய்னரைச் சென்னைத் துறைமுகத்தில் திறந்தால் உள்ளே ஒரு பூனை. இரும்புப் பெட்டிக்குள் கிடந்து, உயிரோடு வந்திருக்கிறது. கொரோனா பீதி தொடங்கியிருந்த நேரம். அதிகாரிகள் உடனே சுறுசுறுப்பானார்கள்: பூனையைச் சீனாவுக்கே திருப்பி அனுப்பு! பூனையிடமிருந்து கொரோனா பரவுவதற்கு ஆதாரமில்லை என்று பீட்டா அமைப்பு கடிதம் எழுதி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பொம்மைகளை யாரும் திருப்பி அனுப்பச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பொம்மைக்கு டூட்டி உண்டு. பூனைக்கு என்ன உண்டு?

அதே துறைமுகம், அதே சுங்கத்துறை. 2015-இல் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், 740 டன், 37 கன்டெய்னர், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, ஐந்து வருடம். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூத் துறைமுகம் இதே சரக்கால் வெடித்துச் சிதறியதும்தான் "நம்மகிட்டயும் கொஞ்சம் இருக்குமே" என்று நம்மவர்களுக்கு ஞாபகம் வந்தது. கேட்டவர்களுக்கு, பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். மிச்சமிருந்த 697 டன்னும் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்குப் போயிற்று. மூன்று கிலோப் பூனை நாட்டுக்கு ஆபத்து. 740 டன் வெடிமருந்துச் சரக்கு வெறும் நிலுவைக் கோப்பு.

2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்களிடம் கேளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை போனது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. கூழைக்கடா தார் பூசிய மாதிரி நின்றது. அந்த ஈரம் காயுமுன், 26-ஆம் தேதி நடுராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. பூனை ரத்தத்துக்கு 0.5 என்று ஒரு அளவு இருக்கிறது. எண்ணூர்ப் பிள்ளையின் நுரையீரலுக்கு என்ன அளவு? எந்தக் கவுன்ட்டரில் அந்தச் சான்று கொடுக்கிறார்கள்? சின்ன உடம்பாக, பேச வாயில்லாததாகப் பார்த்துத்தான் சட்டம் தன் மீசையை முறுக்குகிறது.

சர்க்காரைத் திட்டிக்கொண்டே போனால் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சுகமாக இருக்கும். இருந்தது. "கரெக்டா சொன்னீங்கண்ணே, சிஸ்டமே சரியில்ல" என்றார் அந்த வீட்டுப் பெண்ணின் மாமா, டீயை உறிஞ்சிக்கொண்டு. அடுத்த வாய் டீக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "ரூல்ஸே வுடலன்னா நாம இன்னா பண்றது? காசிமேட்டுல வுட்டுருவோம். மீனுக்கா பஞ்சம்? ஜாலியா இருக்கும்."

ஜாலி! காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் ஏலம் நடக்கும்போது ஐஸ் பெட்டிகளின் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தில் மணி கட்டிய பூனைகள் இருக்கும். மெத்தையில் படுத்து வளர்ந்தவை. மீன் கொட்டிக்கிடக்கும் இடத்தில் ஏற்கெனவே நாற்பது பூனைக்குப் பட்டா இருக்கிறது, நாய்களுக்கும் இருக்கிறது. புதிதாக வந்தது லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டும். தீவனத் தட்டில் சாப்பிட்டுப் பழகியதற்கு வஞ்சிரத் தலையை எப்படிக் கடிப்பது என்று தெரியாது. யாராவது குனிந்தால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவரும். ஒரு வாரம் ஓடிவரும். அப்புறம் வராது.

இந்தப் பூனை ஆஸ்திரேலியா போகாது என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியுமா? குடியேற்ற விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இங்கிலீஷ் பரீட்சைக்கு மூன்று முறை பணம் கட்டினார்கள். பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, அங்கே கடற்கரை உண்டாம். நடுவில் போன தீபாவளிக்குப் பிள்ளை அடம்பிடித்தான் என்று கினிப் பன்றி வாங்கினார்கள். கடைக்காரரிடம் விலையில் ஐம்பது ரூபாய் குறைத்ததைத் தெருவுக்கே சொன்னார்கள். வாங்கும்போதே தெரியும், கூட்டிப்போவதில்லை என்று. விதி குறுக்கே நின்றதாகச் சொல்வது சும்மா; விதி நல்ல சாக்காக வந்து வாய்த்தது. சுங்கத்துறை கன்டெய்னரைத் திறந்து செய்ததைத்தான் இவர்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தார்கள்.

அந்தப் பையன் மட்டும், எட்டு வயது, பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப தாத்தாவ?" தாத்தா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளியை வனத்துறையிடம் ஒப்படைக்கப் பேசியிருக்கிறேன். கினிப் பன்றிகளைப் பையனின் கிளாஸ்மேட் ஒருத்தி வாங்கிக்கொண்டாள், கூண்டோடு. பூனை இன்னும் இருக்கிறது. நாலு வயது, சாம்பல் நிறம், ஊசி போட்டாயிற்று. வஞ்சிரம் கேட்காது, அவித்த நெத்திலி போதும். வேண்டும் என்கிறவர்கள் ராயபுரம் வந்து பார்க்கலாம். ஃபிரிட்ஜ் கேட்ட மூன்று பேரும் வர வேண்டாம்.