மாஸ்டரின் தூரக் கணக்கு

பருத்தித்துறையில் சம்பந்தம் விசாரிக்கும் மாஸ்டர் ஒருவர் இல்லாத ஒழுங்கையைக் காண்பது கஷ்டம். ஓய்வூதியக்காரர், வேட்டி வெள்ளை, சைக்கிள் அதைவிடத் துப்புரவு. ஓடக்கரையில் தோசை பார்சல் கட்டி முடிவதற்குள் ஒரு கலியாணத்தைப் பொருத்தி, இரண்டைக் குழப்பிவிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆற்ற ஆக்கள்?"

இதை வைத்து அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட முடியாது. வெள்ளைக்கார மருமகள் என்றால் மாஸ்டரைப் போல முற்போக்காளர் வடமராட்சியிலேயே இல்லை. கைவசம் சரித்திரமும் இருக்கிறது. கெருடாவில் வேர்கொண்ட குடும்பத்துச் சேர் முத்துக்குமாரசுவாமி, 1870களில் எலிசபெத் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய பிள்ளைதான் 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. முத்துக்குமாரசுவாமியின் சகோதரி மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதனோ அவுஸ்திரேலியப் பெண்ணைக் கட்டினார். லீலாவதி என்று பெயர் மாறிய அந்த அம்மா, 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரிக்குத் தூணாக நின்றார். "பெரிய இடங்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்யிறம்" என்பார் மாஸ்டர். ஆனந்த குமாரசுவாமி நான்கு முறை கலியாணம் செய்ததையும், நால்வரில் ஒருவர்கூடத் தமிழ்ப் பெண் இல்லை என்பதையும் மட்டும் தேநீரோடு விழுங்கிவிடுவார்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு ஹாட்லிக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் வந்து சேர்வார்கள். அப்போதுதான் கூத்து.

ரொறன்ரோக்காரர் 1983க்குப் பிறகு விமானம் ஏறியவர். ஊர் அதன்பின் எவ்வளவோ மாறியும் அவருக்குள் இருக்கும் ஊர் அசையவில்லை. "வெள்ளையைக் கட்டினால் எங்கட கலாசாரம் என்னாகிறது?" என்று மேசையில் தட்டுவார். பக்கத்தில் பேரன், தட்டை வடையை எப்படிக் கடிப்பதென்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருப்பான்.

ரயில்வேயில் இருந்தவர் வேறு ரகம். காலி, மாத்தறை என்று தென்பகுதியில் வேலை பார்த்துச் சிங்களத்தில் பகிடி விடுமளவுக்குத் தேறியவர். "நான் அங்கயே கட்டியிருப்பன். அம்மா கிணத்துக்கட்டில ஏறி நிண்டிட்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வெள்ளைக்கார மருமகளுக்கு ஓமென்று தலையாட்டும் மாஸ்டருக்குக் காலி என்றதும் கழுத்துப் பிடித்துவிடும். அவரது வரைபடத்தில் லண்டன் பக்கத்து வளவு, கொழும்பு கொஞ்சம் எட்ட, காலி கண்காணாத தேசம். இரண்டு கட்டை தள்ளியிருக்கும் அடுத்த குறிச்சி வரைபடத்திலேயே இல்லை!

இம்முறை நோர்வேக்காரர் மகனின் கலியாணச் செய்தியோடு வந்திருந்தார். பெண் ஒஸ்லோக்காரி. ரொறன்ரோ முகத்தைச் சுளித்தது. மாஸ்டர் சட்டத்தை எடுத்தார்: 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமை, 1911இல் வந்த திருமண உரிமைச் சட்டம். தேசவழமைக்கு உட்பட்ட ஆணை வெளிப்பெண் கட்டினால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவளும் தேசவழமைக்குள். எங்கள் பெண் வெளியில் கட்டினால் அவள் அதற்கு வெளியே. "அப்ப அவவும் காணி விக்கிறதெண்டால் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். எங்கட பிள்ளைதானே!" ஒஸ்லோவில் குடியிருக்கும் பெடியனைத் தேசவழமை பிடிக்குமா என்று கேட்க, நல்லவேளை, அந்த மேசையில் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை.

"சம்பந்தி என்ன தொழில்?" என்றார் மாஸ்டர், வெற்றிக் களிப்பில்.

"மீன்பிடி. வடக்குக் கரையில சொந்தமா போட் வைச்சிருக்கிறார்."

மாஸ்டர் தடுமாறவில்லை. குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956இலேயே நோர்வே போனது, 1967இல் சீநோர் திட்டம் யாழ்ப்பாணத்தில் உருவானது எல்லாம் வரிசையாக வந்தன. "அவையள் எங்களுக்கு மீன்பிடி முன்னேற்றித் தந்த ஆக்கள்."

ரயில்வேக்காரர் தேநீரை வைத்தார். "உன்ர பேரனோட கம்பசில படிக்கிற பிள்ளையின்ர தகப்பனும் முனைப் பக்கத்தில சொந்தமா போட் வைச்சிருக்கிறார். ரெண்டும் விருப்பமாம். பேசுவமே?"

"டேய், அது வேற கடலடா!"

அடுத்த நாள் சந்தை கூடுமுன்னே, நோர்வேச் சம்பந்தி ஊரெல்லாம் கப்பல் முதலாளி ஆகியிருந்தார்.