விற்க மட்டும் தமிழ்

"அம்மா, பசிக்குது!" என்று விளம்பரத்துப் பிள்ளை கத்துவது தமிழில். கிண்ணத்தை நீட்டும் அம்மா கொஞ்சுவதும் தமிழில். பாசம், ருசி, சத்து என்று பின்னணிக் குரல் அளந்துவிடுவதும் நம்மூர் வழக்கிலேயே. நூடுல்ஸ் சூப் விற்கிற வரைக்கும் கம்பெனிக்குத் தமிழ்தான் தாய்மொழி. பாக்கெட்டைத் திருப்புங்கள், வாய் அடைத்துவிடும்.

பின்பக்க ஒட்டு மடிப்புக்குள் பாதி ஒளிந்தபடி, எறும்பு வரிசை போல ஆங்கில எழுத்து. நூடுல்ஸுக்கு ஒரு பட்டியல், மசாலாப் பொட்டலத்துக்கு இன்னொன்று. மைதா, பாமாயில், உப்பு வரை தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். அப்புறம் மாறுவேடப் போட்டி ஆரம்பம். வே பவுடர், சோடியம் கேசினேட், லாக்டோஸ்: எல்லாமே மடியில் கறந்த சரக்கு. நடுவில் லாக்டிக் ஆசிட் என்று ஒன்று வந்து பயமுறுத்தும். அது பெரும்பாலும் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பது, பாலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பால் ஆகாத பிள்ளையைப் பெற்றவள் வேதியியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

"பச்சைப் புள்ளி இருக்கேக்கா, தைரியமா வாங்கிட்டுப் போங்க" என்பார் கடைக்காரர். பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்? பச்சைப் புள்ளி கறி, மீன், முட்டை இல்லை என்பதற்குத்தான் ஜாமீன். பாலும் நெய்யும் சட்டப்படி சுத்த சைவம்.

பால் இருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவிக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள். நல்லது. எந்த மொழியில்? ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டில் ஒன்று போதும். மற்ற மொழிகள் கம்பெனிக்கு மனமிருந்தால். இந்தியில் மட்டும் அச்சடித்து உசிலம்பட்டிப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டாலும் சட்டம் கண்டுகொள்ளாது. பள்ளிக்கூடத்தில் மூன்று மொழி படி என்று மல்லுக்கு நிற்கிற டெல்லிக்கு, பிள்ளையின் தொண்டை வீங்கும் விஷயத்தில் மட்டும் ஒரு மொழியே தாராளம்!

தொண்டை வீங்குவது அலங்காரப் பேச்சில்லை. லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிற்று உப்புசத்தோடு போகலாம். பால் புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் துளி பட்டாலே மூச்சு முட்டலாம். அதற்குத்தான் இன்னொரு வரி: 'பால் இருக்கக்கூடும்.' எவ்வளவு, எந்த மெஷினிலிருந்து, பேச்சே கிடையாது. பிள்ளையைக் காக்கவா இந்த வரி? கம்பெனி வக்கீலைக் காக்க.

இத்தனைக்கும் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தூங்குமூஞ்சி இல்லை. பாதாம் பானம் தன்னைப் 'பால்' என்று சொல்லிக்கொள்வதா என்று கொதித்து, 2021-இல் இணையக் கடைகளிலிருந்தே அதைத் தூக்கச் சொன்னது. பால் இல்லாதது பால் வேஷம் போட்டால் குற்றம். பாலே வேறு வேஷத்தில் மசாலாவுக்குள் உட்கார்ந்து, தமிழ் வீட்டில் தமிழ் பேச மறுத்தால்? அது வியாபார சுதந்திரம்.

'இதில் பால் உள்ளது.' மூன்றே சொல். விளம்பரத்துக்குத் தமிழ் எழுதித் தருகிறவரே இலவசமாக எழுதிக் கொடுப்பார். இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முன்பக்கத்தில் நடிகரின் பல்வரிசைக்கே ரெண்டு அங்குலம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.