கட்டையைப் போடுங்க, போனை எடுங்க

கேள்வி: விறகு அடுக்கில் கட்டுவிரியன் புகுந்துவிட்டது. அடித்துவிடலாமா? (வாசகர், போளூர்)

பதில்: வேண்டாம். 101 அடித்துத் தீயணைப்பு வீரர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை எட்ட நின்று, பாம்பைக் கண்ணால் மட்டும் பிடித்து வையுங்கள்!

கட்டுவிரியன் பகலில் தூங்குமூஞ்சி, ராத்திரியில் ஊர்சுற்றி. பாய் விரித்துத் தரையில் படுத்தவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. விடியும்போது இமை தொங்கும், பேச்சு குழறும். ஆகவே கட்டில், கொசுவலை. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108 ஆம்புலன்ஸில் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது, 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, என் வீட்டுக்கே விருது வந்ததுபோல் மகிழ்ந்தேன்.