எத்தனை ஏ.பி.?

நியூ ஜெர்சி எடிசனில் பொங்கல் விழா என்றாலும் சரி, யார் வீட்டு பேஸ்மென்டிலாவது பிறந்தநாள் என்றாலும் சரி, ஏ.பி. அங்கிள் பெரியவர்களோடு உட்காரமாட்டார். தட்டை ஏந்திக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் மூலைக்குப் போய்விடுவார். பெயரெல்லாம் கேட்பதில்லை. "லெவன்த்தா? எத்தனை ஏ.பி.?"

ஏ.பி. என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். நான்கு என்றால் "ஓ" என்பார். அந்த ஒரு "ஓ"வில் பையனின் அம்மாவுக்கு அன்றைய தூக்கம் போயிற்று. ஆறு என்றால், "எதெது?" சைக்காலஜியும் ஹியூமன் ஜியாகிரபியும் அவர் கணக்கில் சேராது, இரண்டு விரலை மடக்கிவிடுவார். பிசிக்ஸ் என்றால் 'சி'யா என்பார். கால்குலஸ் என்றால் பி.சி.யா என்பார். "பி.சி. டென்த்லயே முடிச்சுட்டேன் அங்கிள்" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். வாய்க்குப் போன வடை பாதியில் நின்றது. "அப்போ மல்டிவேரியபிள்? கம்யூனிட்டி காலேஜ்ல எடுக்கலையா?"

ப்ளஸ் டூ கட்-ஆஃபை இன்றும் அரைப் புள்ளி விடாமல் சொல்கிறவர் வேறு எப்படி இருப்பார்! ஏ.பி.யில் 'ஏ' வாங்கினால் 5, சாதா வகுப்பில் 4. பேண்டில் சேர்ந்தால் ஜி.பி.ஏ. சராசரி இறங்குமாம். அவருடைய மூத்தவனின் டிரம்பெட் கராஜுக்குப் போய்விட்டது. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் பள்ளி கவுன்சிலர் நிரப்பும் படிவத்தில், இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று ஒரு கேள்வி உண்டு. 'மிகக் கடினம்' கட்டத்தில் டிக் விழவேண்டும் என்று இவர் வேண்டிக்கொள்வது பிரிட்ஜ்வாட்டர் பெருமாளுக்கே மனப்பாடம்.

பள்ளி என்னென்ன ஏ.பி. நடத்துகிறது என்ற விவரமும் விண்ணப்பத்தோடு போகிறது, இல்லாததை எடுக்கவில்லை என்று கல்லூரி குறை பிடிக்காது என்றேன். "அதுக்குத்தான் செல்ஃப் ஸ்டடி!"

கெட்டவர் இல்லை. பழைய பாரன்ஸ் தேர்வுப் பயிற்சிப் புத்தகங்களைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார். மே மாதத் தேர்வுக்கு யார் பிள்ளையையும் தன் காரில் கொண்டுபோய் விடுவார். வழியெல்லாம் ஃபார்முலா கேட்பார் என்பது தனிக் கதை.

ஆனால் என் மகள் ஆசைப்பட்டு செராமிக்ஸ் எடுத்தாள். "அது எதுக்கும்மா?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவள் செய்த கிண்ணங்களை விருந்தாளி வந்தால் எடுத்து ஒளித்துவைக்கிறாள். இதை நான் மன்னிப்பதாக இல்லை. போன வாரம் அவள் தம்பியைப் பிடித்திருக்கிறார். அவன் ஐந்தாவது படிக்கிறான். "அல்ஜிப்ரா செவன்த்லயா, எய்த்லயா?"