நாக்கில் தடவும் பெரியம்மா

திருக்கழுக்குன்றம் முதல் மாமல்லபுரம் வரை, கைக்குழந்தை உள்ள வீடு எதுவாயினும் அங்கே அழையாமலே வந்து சேரும் ஒரு மனித வகை உண்டு. உறவுமுறையில் பெரியம்மாவாகவோ அத்தையாகவோ எதிர்வீட்டுப் பாட்டியாகவோ இருக்கலாம் என்றாலும், கிடைத்த எதையும் சுட்டுவிரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்துப் பார்க்கும் பண்பால் இவ்வகையினர் அனைவரையும் ஒரே இனமாகக் கொள்ளலாம்.

இவ்வினத்தின் முழு ஆற்றலும் வெளிப்படுவது, மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் வழியில் மிளகாய்த்தூள் தூவி விற்கப்படும் அன்னாசிக் கீற்றின் முன்னிலையில்தான். கருவுற்றிருந்த பெண்ணை, 'சூடு' என்று சொல்லி மாதக்கணக்கில் அப்பழத்தின் பக்கமே திரும்பவிடாமல் காத்த அதே பெரியம்மா, பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தைத் தொட்டதும், தூள் படாத கீற்றாகப் பார்த்து வாங்கி, "ஒரு சொட்டு நாக்குல வச்சா என்னாடி ஆயிடப் போவுது?" என்று கேட்டு, விடை வருமுன் வைத்தும் விடுவார். குழந்தை கண்ணை இறுக்கி, உதட்டைக் கோணி, உடலையே உதறும், அதற்கு அவர் காணும் பொருள், "பாரேன், எப்படிச் சப்புக்கொட்டுது!" என்பது. சற்று நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தாலும் பழத்தின்மேல் ஐயம் எழாது. கண்ணேறு என்று தீர்ப்பாகி, உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு வழக்கு முடிக்கப்படும்.

உண்மைக் குற்றவாளிகள் பெரும்பாலும் பழத்தின் சிட்ரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோமெலைனும் ஆவர். இவை மென்தோலை உறுத்துவதால் வரும் சிவப்பு பொதுவாகத் தானே மறையும். ஆனால் உடலெங்கும் தடிப்பு, தொடர்வாந்தி, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை ஒவ்வாமையின், அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் உணவையே பகையெனக் கொண்டு கிளர்வதன், அடையாளங்கள் என்பதால், அப்போது மிளகாயைத் தேடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்பின் தொடங்கும் இணை உணவில், கஞ்சியும் பருப்பும் வாழைப்பழமும் பழகிய பிறகு, அன்னாசியின் கண்களையும் கெட்டியான நடுத்தண்டையும் நீக்கி, வேகவைத்து மசித்து, நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்குச் சிறு கரண்டி அளவு ஊட்டி, வேறு புது உணவு சேர்க்காமல் மூன்று நாள் கவனிப்பது நன்று. வேகவைத்தால் புரோமெலைன் செயலிழக்கும், மசித்தால் தொண்டையில் அடைக்கும் அச்சம் குறையும். புளிப்பை மறைக்கத் தேன் சேர்ப்பது, அதில் இருக்கக்கூடிய நச்சு நுண்ணுயிரின் வித்துகளால், ஒரு வயது வரை கூடவே கூடாது.

இவற்றை இளந்தாய் எடுத்துச் சொன்னால், "நாங்கல்லாம் பெத்து வளக்கலையா?" என்ற ஒரே வரியில் அறிவியல் முழுதும் தோற்கும். ஆகவே மருத்துவரோ அங்கன்வாடிப் பணியாளரோ அந்தக் கரண்டியையும் மூன்று நாள் கணக்கையும் பெரியம்மாவிடமே ஒப்படைப்பதுதான் வழி, அதிகாரம் கைக்கு வந்த மறுவாரமே, குழந்தையிடம் கொடுக்காப்புளியை நீட்டும் எதிர்வீட்டம்மாவைத் தடுத்து, "இன்னாக்கா, மூணு நாளு பொறுக்க மாட்டியா? நீயும் பெத்து வளத்தவதானே!" என்று அவரே கேட்பார்.